மலைப் பக்கம் முதல் மனை

ஜகபர் அலி குடியிருந்த நகரில் மொத்தம் இருபத்துநாலு மனை, ஒரே ஒரு வீடு. அந்த ஒன்றும் அவருடையதுதான். யாராவது விலாசம் கேட்டால் இதை அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். கேட்கிறவர் சிரிப்பார். சிரிக்கிறதற்காவது எதிரில் ஒரு ஆள் நிற்கிறாரே என்று ஜகபர் அலிக்குச் சந்தோஷமாக இருக்கும்.

செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகிற ரோட்டில் பாதி தூரத்தில் இருந்தது அந்த இடம். ரோட்டை ஒட்டித் தெற்கு வடக்காக நீண்டு கிடந்த மல்லாட்டைக் கொல்லை அது. இரண்டு வருஷம் மழை கைவிட்டு, விதைக்குப் போட்ட நிலக்கடலைகூடத் திரும்பி வராமல் போனதும், சிங்கவரத்து அரங்கநாதன் எண்பத்திரண்டாம் வருஷம் அதை ஒரே வரிசையாக மனை பிரித்தார். எல்லைக்கு எல்லை கல் நட்டார். ஒரு தாளில் கோடு கிழித்து ஒன்றிலிருந்து இருபத்துநாலு வரைக்கும் நம்பர் போட்டார். முதலில் போய் முதல் நம்பரை வாங்கியவர் ஜகபர் அலி. "மலைப் பக்கத்திலேர்ந்து மொதோ மனை பாய், அதான் உங்களுது" என்று ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலிலேயே அரங்கநாதன் அடையாளம் சொல்லிவிட்டார். அடுத்த வாரமே ஜகபர் அலி கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போய், கோட்டை மலை தெரிகிற தெற்குக் கோடியில் முதல் மனையில் கடைக்கால் எடுத்துவிட்டார். அவருக்கு அவ்வளவு அவசரம்.

அவசரம் அவருடையது இல்லை, அவர் மனைவி ரோஷன் பீயுடையது. ஊருக்குள் ஒன்பது குடித்தனம், ஒரு குழாய் என்கிற வரிசை வீட்டில் இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியவள். நம்ம கதவைத் திறந்தால் நம்ம மண்ணில் கால் வைக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. ஜகபர் அலி முப்பது வருஷம் செஞ்சிக்கும் அவலூர்பேட்டைக்கும் நடுவே பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ரிட்டையர் ஆனபோது கைக்கு வந்ததை அப்படியே மண்ணில் போட்டார். மேல்தளம் போட்ட வாரம் ரோஷன் பீக்கு ஜுரம் கண்டது. பதினோரு நாளில் போய்ச் சேர்ந்தாள். தன் கதவை அவள் ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. ஒரே மகள் அசீசுன்னிசா வாணியம்பாடியில் வாழ்க்கைப்பட்டவள், பெருநாளுக்குப் பெருநாள் வந்து அழுதுவிட்டுப் போவாள். ஜகபர் அலி தனியாகக் குடிவந்தார்.

வாழ்நாள் பூராவும் "உள்ள போ, உள்ள போ, தள்ளி நில்லு" என்று கத்தியே தொண்டை கட்டிப்போன மனிதர் அவர். நாற்பது பேர் ஏறவேண்டிய வண்டியில் தொண்ணூறு பேரை ஏற்றி, அந்தக் கூட்டத்துக்குள்ளே நீந்தி டிக்கெட் கிழித்தவர். யார் மூச்சும் மேலே படாமல் ஒரு நாள் கழிந்தால் போதும் என்று அந்தக் காலத்தில் அல்லாவிடம் கேட்டிருக்கிறார். அல்லா தாராளமாகக் கொடுத்துவிட்டான். கோட்டைப் பக்கம் பார்த்தால் பாறை. சிங்கவரம் பக்கம் பார்த்தால் வெறும் மனைக்கல், அதற்குமேல் பொட்டல். ஒரே வீட்டுக்காகக் கம்பம் நடமுடியாது என்று கரண்டும் வரவில்லை. பகலில் தன் செருப்புச் சத்தத்தைத் தானே கேட்டுக்கொண்டு நடப்பது எப்படிப்பட்ட நரகம் என்று அவருக்கு அப்புறம்தான் தெரிந்தது.

இதற்கு நடுவில் ஊருக்கு மனைப் பைத்தியம் பிடித்தது. எண்பத்தைந்து, எண்பத்தாறில் திண்டிவனம், விழுப்புரம், ஆரணி என்று எங்கே திரும்பினாலும் வயலில் கல் முளைத்தது. வாத்தியார் மனை வாங்கினார், துபாய்க்காரர் மனை வாங்கினார், கம்பவுண்டர் மனை வாங்கினார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனால் பையனுக்கு மனை இருக்கிறதா என்று கேட்டார்கள். வாங்கினவர்களில் எவரும் வீடு கட்டவில்லை என்பது வேறு விஷயம். வாங்குவார்கள், ஆறு மாசம் வைத்திருப்பார்கள், விலை ஏறினதும் இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு அடுத்த ஊரில் வாங்குவார்கள். அரங்கநாதன் மூவாயிரத்துக்கு விற்றது நாலே வருஷத்தில் ஒன்பதாயிரத்தில் வந்து நின்றது. மண் மட்டும் அப்படியேதான் கிடந்தது.

செஞ்சி பஜாரில் புரோக்கர் தனசேகரன் இந்தக் கொல்லைக்கு 'ராஜகிரி நகர்' என்று பேர் வைத்து ஒரு பலகையும் நட்டான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மொபெட்டில் முன்னால் அவன் வர, பின்னால் வேனில் ஜனங்கள் வருவார்கள். நேராக ஜகபர் அலி வீட்டு வாசலில்தான் வண்டி நிற்கும். "பாருங்க சார், ஜனங்க குடி வந்துட்டாங்க. இதுதான் மொதோ நம்பரு. இங்கேர்ந்து எண்ணிகினே போங்க" என்று தனசேகரன் கை காட்டுவான். குடிவந்த ஜனங்கள் என்று அவன் சொன்னது ஜகபர் அலி ஒருவரைத்தான்.

அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. சனிக்கிழமையே பால் சொல்லிவைத்து, ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்கெல்லாம் டீ போட்டார். கிணற்றைக் காட்டினார், தண்ணீர் தித்திக்கும் என்று இறைத்துக் குடிக்கக் கொடுத்தார். அது நிஜமாகவே தித்தித்தது. எந்த நம்பரை யார் வாங்கினார், எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பிள்ளை என்று கேட்டுக் கேட்டு மனசில் எழுதிக்கொண்டார். வாரநாளில் தனியாக நடக்கும்போது ஒவ்வொரு காலி மனையாக நின்று, "ஆறு, திருக்கோவிலூர் வாத்தியார். ஏழு, நெய்வேலிக்காரர்" என்று சொல்லிப்பார்ப்பார். மனை கைமாறினால் பழைய பேரை அழித்துவிட்டுப் புதுப் பேரை மனப்பாடம் பண்ணுவார். போன ஞாயிற்றுக்கிழமை "கண்டிப்பா வர்ற தையில கட்டிடுவோம் பாய்" என்றவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே மனையை விற்க வேறு ஆளைக் கூட்டிவருவார். ஒவ்வொரு தடவையும் ஏமாந்தார். கூச்சமில்லாமல் மறுபடியும் நம்பினார். பக்கத்தில் ஒரு வீடு வரவேண்டும், அதில் நாலு பேர் சத்தம் போட வேண்டும், அதைத்தவிர அவருக்கு இந்த உலகத்தில் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

எண்பத்தேழு பங்குனி பிறந்த அன்றைக்கு, செங்கல் ஏற்றின டிராக்டர் ஒன்று நிஜமாகவே வந்து நின்றது.

இரண்டாம் நம்பரை வாங்கியிருந்த பச்சமுத்து, மல்லாட்டை மண்டியில் மூட்டை எடை போடுகிறவன். பெண்சாதி ரஞ்சிதம், இரண்டும் பெண் குழந்தைகள். வாடகை வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். பங்குனியில் கடைக்கால் போடக்கூடாது, சித்திரை மூணாம் தேதிதான் நல்ல நாள். அதுவரைக்கும் கல்லுக்குக் காவலாகவும் ஆச்சு, தலைக்குக் கூரையாகவும் ஆச்சு என்று, மனையின் ஓரத்தில் தென்னங்கீற்றுக் கொட்டாய் போட்டுக்கொண்டு குடும்பத்தோடு வந்துவிட்டார்கள். ஜகபர் அலி வீட்டுச் சுவரிலிருந்து எண்ணி முப்பது அடி.

மறுநாள் காலையில் கிணற்றுச் சகடை சத்தம் கேட்டு ஜகபர் அலிக்கு விழிப்பு வந்தது. நாலு வருஷமாக அந்தச் சகடை அவர் இழுத்தால் மட்டும்தான் பேசும். படுத்தபடியே கேட்டுக்கொண்டு கிடந்தார். எழுந்துபோனால் நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது.

"பாய், கேக்காம எடுத்துட்டேன். தப்பா நெனச்சிக்காதீங்க" என்றாள் ரஞ்சிதம், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"தண்ணிய எடுக்க இன்னாத்துக்கும்மா கேக்கணும்? எறைக்க எறைக்கத்தான் கெணறு நல்லாருக்கும்" என்றார் ஜகபர் அலி. அவரே இன்னொரு குடம் இறைத்துக் கொடுத்தார்.

பெரிய பெண் வாய்ப்பாட்டைக் கத்திப் படித்தாள், ஏழாம் வாய்ப்பாட்டில் எப்போதும் தடுக்கி விழுந்தாள். சின்னது எதற்கெடுத்தாலும் அழுதது. பச்சமுத்து சாயங்காலம் மண்டியிலிருந்து உடம்பெல்லாம் மல்லாட்டைத் தூசியோடு வந்து கிணற்றடியில் குளிப்பான், குளிக்கும்போது வாய்க்கு வந்ததைப் பாடுவான். சுருதி பக்கத்து ஊரில் இருக்கும். மத்தியானத்தில் ரஞ்சிதம் கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டு, "சாப்டீங்களா பாய்?" என்று கேட்பாள். ரோஷன் பீக்குப் பிறகு அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. வெறும் கிண்ணத்தைத் திருப்பக்கூடாது என்று அவர் ஒரு நாள் சர்க்கரையும் ஒரு நாள் பேரீச்சம்பழமும் போட்டு அனுப்புவார். வாரத்துக்கு ஒரு தடவை சவரம் பண்ணிக்கொண்டிருந்தவர் தினம் பண்ணிக்கொள்ள ஆரம்பித்தார். ரஞ்சிதத்திடம் வீட்டுக்குப் புழக்கடை எங்கே வரவேண்டும், ஜன்னல் எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று யோசனை சொன்னார். ஜன்னலை மட்டும் தன் வீட்டுப் பக்கமாக வைக்கச் சொன்னார். காற்று வரும் என்று காரணம் சொன்னார்.

பதினாலாம் நாள் அரங்கநாதன் வந்தார்.

காணாமல் போன எருமையைத் தேடிக்கொண்டு வந்தவர், தாகத்துக்கு ஜகபர் அலி வீட்டில் ஏறினார். முதல் மனையை விற்ற நாளிலிருந்து, மற்றதையெல்லாம் தாளைக் காட்டியே விற்றதால், அவர் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. விற்ற நிலத்தைப் பார்த்தால் வயிறு எரியும் என்று வேறு வழியாகப் போய் வந்துகொண்டிருந்தார். பச்சமுத்துவும் ரஞ்சிதமும் அப்போது ஊருக்குள் போயிருந்தார்கள். அரங்கநாதன் சொம்பைக் கீழே வைத்துவிட்டு வீட்டை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா பாய், கடைசி மனையில வந்து கட்டிகிற? உன்னுது மொதோ நம்பராச்சே?"

"இதான மொதோ நம்பரு? மலைப் பக்கத்திலேர்ந்து மொதோ மனைன்னு நீதான சொன்ன?"

"சொன்னேன். இது மலைப் பக்கமா?"

"தோ, மலை" என்று ஜகபர் அலி தென்மேற்கே ராஜகிரியைக் காட்டினார்.

அரங்கநாதன் முதலில் சிரித்தார், அப்புறம் சிரிக்கவில்லை. "அது கோட்டை பாய். கோட்டையப் போயி எவனாச்சும் மலைன்னுவானா? மலைன்னா பெருமாள் மலை. எங்க ஊரு மலை" என்று வடக்கே சிங்கவரத்துப் பக்கம் கையை நீட்டினார். "அங்கேர்ந்துதான் நான் நம்பரு போட்டேன்."

செஞ்சிக்காரனுக்கு மலை என்றால் ராஜகிரிதான். சிங்கவரத்துக்காரனுக்கு மலை என்றால் பெருமாள் கோயில் இருக்கிற மலைதான், மற்றதெல்லாம் கோட்டை. இரண்டு பேரும் தமிழில்தான் பேசினார்கள், ஒரே வார்த்தையைத்தான் பேசினார்கள். நடுவில் இருபத்துநாலு மனை தலைகீழாகப் போனது.

அரங்கநாதன் எருமை ஞாபகம் வந்து, "பாத்துக்க பாய், ஆபீசுல போயி சரி பண்ணிக்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஜகபர் அலி தகரப் பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுத்தார். முப்பது வருஷம் ஒவ்வொரு டிக்கெட்டையும் இரண்டு பக்கமும் பார்த்தவர், தன் பத்திரத்தை மட்டும் வாங்கின அன்றைக்கு மடித்து வைத்ததோடு சரி. இப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். 'தெற்கில் இரண்டாம் நம்பர் மனை' என்று எழுதியிருந்தது. அவர் வீட்டுக்குத் தெற்கே வண்டிப்பாதை இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் யாருடையதோ பனைமரம்.

உட்கார்ந்து யோசித்தார். அவர் வீடு இருந்தது இருபத்துநாலாம் நம்பரில். அது நெய்வேலித் தாண்டவராயனுடையது, போன வருஷம்தான் ஏழாம் நம்பரை விற்றுவிட்டு அதை வாங்கினார். தனசேகரன் இந்த வீட்டை ஒன்று என்று வைத்து எண்ணி எண்ணித்தான் அத்தனை பேருக்கும் மனை காட்டியிருக்கிறான். பச்சமுத்து கொட்டாய் போட்டு செங்கல் அடுக்கியிருப்பது இருபத்துமூன்றில். அவனுடைய நிஜமான இரண்டாம் நம்பர் வடக்குக் கோடியில் ஓடையோரம் கிடக்கிறது. சொல்லிவிட்டால் செங்கல்லும் கொட்டாயும் வாய்ப்பாடும் அழுகையும் அந்தக் கோடிக்குப் போய்விடும். நடுவில் இருபது மனைக்கு மேல் பொட்டல்.

சொல்லாவிட்டால்?

ஜகபர் அலி அன்றைக்குச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தார். மறுநாள் ரஞ்சிதம் ஆப்பம் சுட்டுக் கொண்டுவந்தாள், வாய் நிறைய ஆப்பத்தோடு எப்படிச் சொல்வது? அதற்கு மறுநாள் வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் போய்வந்ததில் நேரமாகிவிட்டது. அப்புறம் தனக்குத்தானே வக்கீல் வைத்துக்கொண்டார். ஊரே இந்தப் பக்கத்திலிருந்துதான் எண்ணுகிறது, இருபத்துநாலு பேரும் ஒரே மாதிரி தப்பாக எண்ணினால் அது எப்படித் தப்பாகும்? எவன் வந்து கட்டப்போகிறான்? எவன் பத்திரத்தைப் படிக்கப்போகிறான்? நான் படித்தேனா? இப்படியெல்லாம் வாதாடி ஜெயித்துவிட்டு, கிணற்றடியில் பச்சமுத்து பாடுவதைக் கேட்டால் தோற்றுப்போவார். என்றைக்காவது ஒருவன் படித்துவிட்டால் தன் வீடு போகும், போகட்டும், மண்ணுக்குப் போகிற வயசு. பச்சமுத்து எடைபோட்டுச் சேர்த்துக் கட்டின வீடு போனால் இரண்டு பெண்ணை வைத்துக்கொண்டு எங்கே போவான்? இது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. மனுஷ வாசனை அவரை அப்படிப் பிடித்து வைத்திருந்தது.

பத்தொன்பது நாள் அப்படிப் போயிற்று.

சித்திரை மூணாம் தேதி காலை, மேஸ்திரி மூலைக்கு மூலை முளையடித்துக் கயிறு கட்டினார். கயிற்றின் மேல் சுண்ணாம்பு தூவி வெள்ளைக் கோடு போட்டார்கள். வடகிழக்கு மூலையில் பள்ளம் எடுத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, ரஞ்சிதம் நவதானியத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு நின்றாள். குழந்தைகளுக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரியிருந்தாள். தனசேகரனும் வந்திருந்தான். நகரில் இரண்டாவது வீடு என்றால் விலை இன்னும் ஏறும் என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது.

"பாய், நீங்கதான் மொதோ கல்ல எடுத்துக் குடுக்கணும்" என்றாள் ரஞ்சிதம்.

"நானா? உங்க சொந்தக்காரங்க யாராச்சும்..."

"எங்களுக்கு யாரு கீறாங்க பாய்? இந்த நகருக்கே நீங்கதான் மூத்தவரு. நீங்க குடுத்தா நல்லாருக்கும்."

பச்சமுத்து ஒரு செங்கல்லுக்குச் சந்தனம் பூசி அவர் கையில் வைத்தான். ஜகபர் அலி அதை வாங்கிக்கொண்டு பள்ளத்தைப் பார்த்தார், வெள்ளைக் கோட்டைப் பார்த்தார், ரஞ்சிதத்தின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் சந்தேகம் என்கிற சமாசாரமே இல்லை. கல்லைக் கீழே வைத்துவிட்டு அவரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"இது உன் மனை இல்ல பச்சமுத்து" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னார். மலை, கோட்டை, தெற்கு, வடக்கு என்று சொல்லி முடிக்கிறதற்குள் தனசேகரன், "ஊரையே திருப்பிப் போட்டுட்டியே பாய்!" என்று கத்தினான். பச்சமுத்து சைக்கிளை எடுத்துக்கொண்டு சிங்கவரத்துக்கு மிதித்தான். ஒரு மணி நேரத்தில் அரங்கநாதனையும் அவர் வைத்திருந்த கோடு போட்ட தாளையும் கொண்டுவந்தான். தாளை விரித்துப் பார்த்தார்கள். சந்தேகத்துக்கு இடமில்லை.

"கல்லு வெளியில இருக்கறப்பவே தெரிஞ்சிதே, நல்ல வேளை" என்று மேஸ்திரி கயிற்றைச் சுருட்டினார். "சுவரு எழுந்தப்பறம் தெரிஞ்சிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

பச்சமுத்து ஜகபர் அலியின் கையைப் பிடித்துக்கொண்டான். "தெய்வம் மாரி சொன்னீங்க பாய்."

அரங்கநாதன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அன்னிக்கே சொன்னனே பாய், எருமய தேடிகினு வந்தப்ப. இன்னுமா ஆபீசு போவல?" என்றார்.

ரஞ்சிதம் தட்டைக் கீழே வைத்தாள். "அன்னிக்குன்னா என்னிக்கு?"

பொய் சொல்ல அவருக்கு நேரம் இருந்தது. நேற்று என்று சொல்லியிருந்தால் அரங்கநாதன்கூடத் தலையாட்டியிருப்பார், நாள் கணக்கு அவருக்கு எப்போதும் தகராறு. ஜகபர் அலி, "பத்தொம்போது நாள் ஆச்சும்மா" என்றார்.

"பத்தொம்போது நாளா?" என்றாள் ரஞ்சிதம். விரலை மடக்கி எண்ணினாள். "அப்போ ஆப்பம் குடுத்தப்ப தெரியும். ஜன்னலு இங்க வைன்னு சொன்னப்ப..." நிறுத்தி யோசித்தாள். "அது முன்னாடி. ஆனா அதுக்கப்பறம் அத்தினி நாளும் தெரியும். தெனம் சாப்டீங்களான்னு கேட்டனே பாய். அப்ப கூடவா சொல்லத் தோணல?"

அதைக் கேட்டதால்தானம்மா சொல்லவில்லை என்று அவருக்கு வாய்வரைக்கும் வந்தது. அதைச் சொல்வதற்கு வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலமே கட்டைவண்டி பிடித்துச் செங்கல்லை ஏற்றினார்கள். நாலு நடை. ஜகபர் அலியும் கல் எடுத்துக் கொடுத்தார். ரஞ்சிதம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாங்கிக்கொள்ளவும் இல்லை. அவர் வைக்கிற இடத்திலிருந்து பச்சமுத்து எடுத்துக்கொண்டான். சின்னது மட்டும் வண்டியில் உட்கார்ந்துகொண்டு, "தாத்தா வரல?" என்று கேட்டது.

செய்தி பரவியதும் ராஜகிரி நகரின் தலை எது கால் எது என்று ஊருக்குப் புரிந்தது. வடக்குக் கோடிதான் சிங்கவரம் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கம். பச்சமுத்து வீடு ஜன்னல் மட்டத்துக்கு எழும்பினதைப் பார்த்து மூன்றாம் நம்பர்க்காரர் கடைக்கால் போட்டார், பிறகு ஐந்தாம் நம்பர். மூன்று வீடு ஆனதும் சிங்கவரத்திலிருந்து கம்பி இழுத்துக் கரண்ட் கொடுத்தார்கள். ஆறாவது கம்பத்தோடு நிறுத்திவிட்டார்கள். தனசேகரன் பலகையைப் பிடுங்கி அந்தக் கோடியில் நட்டான். ஞாயிற்றுக்கிழமை வேன் இப்போது அங்கேதான் நிற்கிறது. ஜகபர் அலி ஒன்றிரண்டு சனிக்கிழமை பழக்கத்தில் பால் வாங்கி வைத்தார், பிறகு நிறுத்திவிட்டார்.

ஆடியில் தாண்டவராயன் நெய்வேலியிலிருந்து வந்தார். நல்ல மனிதர். "உங்க வூட்ட இடிக்கச் சொல்ல நான் பாவியா பாய்? உங்க ஒண்ணாம் நம்பர எனக்குக் குடுங்க, இத நீங்க வெச்சிக்கங்க. பரிவர்த்தனைன்னு ஒரு பத்திரம் போட்டா முடிஞ்சுது" என்றார். வடக்குக் கோடி விலை ஏறியிருந்ததில் அவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. ஜகபர் அலி இரண்டு நாள் தவணை கேட்டார்.

இரண்டு நாளும் அவர் யோசித்தது கிறுக்குத்தனம் என்று அவருக்கே தெரியும். இந்த வீட்டை இந்த மனிதருக்கே விட்டுவிட்டு, ஒன்றாம் நம்பரில் ஒரு கீற்றுக் கொட்டாய் போட்டுக்கொண்டால் என்ன? அது அவருடைய மனை, பச்சமுத்து வீட்டுக்குச் சுவரோடு சுவர். இரண்டாம் நாள் காலையில் நடந்து அங்கே போனார். தன் சொந்த மண்ணில் முதல் தடவையாகப் போய் நின்றார். ஓடைக்காற்று நன்றாக இருந்தது. உள்ளே பெரியவள் வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்தாள், ஏழைத் தாண்டி எட்டுக்குப் போயிருந்தாள். ரஞ்சிதம் குடத்தோடு வெளியே வந்தாள். அவரைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் நின்றாள், ஏதோ கேட்கப்போகிறாள் என்று அவர் காத்திருந்தார். அவள் உள்ளே போய்க் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டாள். படாரென்று சாத்தியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஆவணி முதல் வாரத்தில் ரிஜிஸ்டர் ஆபீஸ் எதிரில், பத்திரம் எழுதுகிறவரின் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். சாட்சிக் கையெழுத்துக்குப் பச்சமுத்து வந்திருந்தான். அவனே வருகிறேன் என்று சொல்லி வந்தான்.

"புள்ளைங்க நல்லாக்குதுங்களா?" என்றார் ஜகபர் அலி.

"நல்லாக்குதுங்க பாய்" என்றான் பச்சமுத்து.

எழுதுகிறவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். முதலில் ஜகபர் அலிக்கு வருகிற மனை. "இருபத்துநாலாம் நம்பர் மனைக்கு நான்கெல்லை. தெற்கில் வண்டிப்பாதை. கிழக்கில் ரோடு. மேற்கில் பாறைப் புறம்போக்கு. வடக்கில் இருபத்துமூணாம் நம்பர்... அது இப்ப யாரு பேர்ல இருக்குது?"

ஜகபர் அலி மனசுக்குள் தேடினார். கடைசியாக ஒரு போளூர்க்காரர், அதற்கப்புறம் இரண்டு கை மாறிவிட்டது. அவர் மனப்பாடம் பண்ணுவதை எப்போதோ விட்டிருந்தார்.

"தெரியலீங்க."

"சரி, காலி மனைன்னு போட்டுக்கறேன்" என்று எழுதிவிட்டு, ஜகபர் அலி கொடுக்கிற மனைக்குப் போனார். "ஒண்ணாம் நம்பர் மனைக்கு நான்கெல்லை. வடக்கில் ஓடை. கிழக்கில் ரோடு. மேற்கில் புறம்போக்கு. தெற்கில் பச்சமுத்து அவர்களின் மனையும் வீடும். இதற்குட்பட்டது. சரியா பாய்? கையெழுத்துப் போடுங்க."

ஜகபர் அலி பேனாவை வாங்கிக்கொண்டார். போடவில்லை.

"அந்தக் கடைசிய இன்னொரு தரம் படிங்க" என்றார்.

"எத?"

"தெற்கில."

எழுதுகிறவர் அலுப்போடு படித்தார். "தெற்கில் பச்சமுத்து அவர்களின் மனையும் வீடும்."

அவர் படித்து முடிக்கிற வரைக்கும் ஜகபர் அலிக்குப் பக்கத்து வீடு என்று ஒன்று இருந்தது. அப்புறம் கையெழுத்துப் போட்டார்.